வளர்ந்த பிறகு பொருந்தும் துப்பாக்கி வேண்டாம்

கேள்வி: வணக்கம் ஐயா. விஸ்கான்சினில், மேடிசனிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் குடியிருக்கிறோம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மகளுக்கு மார்ச்சில் 12 வயது முடிந்தது. பக்கத்து வீட்டுக் குடும்பம் மூன்று தலைமுறையாக மான் வேட்டைக்குப் போகிறவர்கள். அவர்கள் பெண்ணும் என் பெண்ணும் ஒரே வகுப்பு. "நானும் போறேன்பா" என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் துப்பாக்கியைக் கையால் தொட்டதே கிடையாது. கடைக்காரர், ".30-06 வாங்குங்கள், பெரியவளானாலும் அதுவே போதும்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் .243 என்கிறார். தன் அப்பாவின் பழைய .30-30 ரைபிளை இரவல் தரவும் தயாராக இருக்கிறார். டெக்சஸில் இருக்கும் என் தம்பி 6.5 கிரீட்மோர் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறான். மகள் 4 அடி 8 அங்குலம், 36 கிலோ. மனைவிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. எதை வாங்குவது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

மகளின் உயரத்தையும் எடையையும் எழுதியிருந்தீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் அது இருக்காது, காலிபர், அதாவது தோட்டா வகைகளின், பெயர்கள் மட்டும்தான் வரிசையாக இருக்கும். அந்த ஒரு வரியைப் படித்ததுமே பாதிப் பதில் எனக்குக் கிடைத்துவிட்டது.

நான் இதே மாநிலத்தில் துப்பாக்கிக் கட்டைகளை, அதாவது தோளில் அணைத்துப் பிடிக்கும் பின்பாகத்தை, ஆளுக்கேற்ப அளந்து பொருத்தும் வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். கடைக்காரர் உங்களிடம் சொன்ன யோசனையை வருடத்துக்குப் பத்துப் பெற்றோராவது என்னிடம் வந்து சொல்கிறார்கள். அது நமக்கு மிகவும் பழகிய யோசனை. ஜூன் மாதம் சீருடை தைக்கக் கொடுக்கும்போது நம் அம்மாக்கள் சொல்வார்களே, "வளர்ற பிள்ளை, ரெண்டு இஞ்ச் கூட வச்சே தைங்க" என்று. பாவாடையின் ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்திருப்பார்கள். வருடா வருடம் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவார்கள். சீருடைக்கு அது நல்ல சிக்கனம். பெரிதாக இருந்தால் பிள்ளை கொஞ்சம் தொளதொளவென்று பள்ளிக்கூடம் போவாள், அவ்வளவுதான். துப்பாக்கி பெரிதாக இருந்தால் அவள் அதைக் கண்டு பயப்படத் தொடங்குவாள். அந்தப் பயம் ஒருமுறை உடம்புக்குள் போய்விட்டால் வெளியே எடுப்பது கடினம்.

இதை என் வீட்டிலேயே பார்த்தேன். என் மகனுக்கு 13 வயதில் என்னுடைய .30-06-ஐக் கொடுத்தேன். கட்டை அவனுக்கு ஒன்றரை அங்குலம் நீளம். கன்னத்தை முன்னால் நீட்டி ஸ்கோப்பைப் பார்த்தான். மூன்றாவது தோட்டாவில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் அடித்து ரத்தம் வந்தது. அழவில்லை. "பரவாயில்லப்பா" என்று இன்னும் இரண்டு சுட்டான். அவன் தைரியசாலி என்று நான் பெருமைப்பட்டேன். விசையை இழுக்கும் முன்பே அவன் கண் மூடிக்கொள்வதை நான் கவனிக்கவில்லை. அந்த நவம்பரில் 60 கஜத்தில் நின்ற பெண்மானின் நெஞ்சைக் குறிவைத்தான், குண்டு வயிற்றில் பட்டது. இருட்டும்வரை ரத்தத் தடத்தைத் தேடினோம். மறுநாள் காலையில் கண்டெடுத்தபோது நரி போன்ற கொயோட்டிகள் தின்று முடித்திருந்தன. அந்த மானையும் அன்று என் மகனின் முகத்தையும் நான் மறக்கவில்லை. அடுத்த ஒரு வருடம் அவனை .22 என்ற சின்னத் தோட்டாவுக்குத் திருப்பி அனுப்பி, முதலிலிருந்து தொடங்கினோம்.

இப்போது உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும் நான்கு எண்களைப் பார்ப்போம். துப்பாக்கி தோளில் உதைக்கும் ஆற்றலை அடி-பவுண்டு என்ற கணக்கில் சொல்வார்கள். ஏழரைப் பவுண்டு எடையுள்ள ரைபிளில், 100 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு போட்ட .243 வின்செஸ்டர் சுமார் 9 அடி-பவுண்டு உதைக்கும். .30-30 பத்து, பதினொன்று. 6.5 கிரீட்மோர் 12-க்குப் பக்கம். .30-06, அதுவும் இலேசான 150 கிரெய்ன் குண்டோடு, 18, 19-ஐத் தொடும். அதாவது கடைக்காரர் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு உதைக்கும். 36 கிலோ உடம்புக்கு அது கூடவே கூடாது. .30-06 நல்ல தோட்டாதான். அமெரிக்க ராணுவம் 1906-இல் ஏற்றுக்கொண்டது, பெயரில் உள்ள 06 அதைத்தான் சொல்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக இந்நாட்டு வேட்டைக்காரர்கள் கையில் இருக்கிறது. எனக்கும் பிடிக்கும். உங்கள் மகளுக்கு இப்போது வேண்டாம்.

இரவல் .30-30-க்கும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், காரணம் வேறு. 1895-இல் வந்த தோட்டா அது. இந்த மாநிலத்துக் காடுகளில் அது வீழ்த்திய மான்களுக்குக் கணக்கே கிடையாது. உதைப்பும் அதிகமில்லை. பிரச்சினை அந்தப் பழைய லீவர் ரைபிளின் சுத்தியலில், அதாவது தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் பாகத்தில் இருக்கிறது. மான் வரும், சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வைப்பாள். மான் நிற்காமல் போய்விடும். இப்போது குழலுக்குள் தோட்டா இருக்கும்போதே, விசையை மெல்ல இழுத்தபடி, கட்டைவிரலால் சுத்தியலைப் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். நவம்பர்க் குளிரில், கையுறைக்குள் விறைத்த சின்னக் கட்டைவிரலுக்கு அது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். வழுக்கினால் வெடிக்கும். பழைய மாடல்கள் பலவற்றில் தனியாக சேஃப்டியும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் மனம் நோகாமல் நன்றி சொல்லி, "அவளுக்குப் பதினாறு ஆனதும் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். தன் அப்பாவின் துப்பாக்கியை இரவல் தர ஒருவர் முன்வருவது இங்கே சின்ன விஷயமல்ல.

உங்கள் தம்பி சொன்னதில் தவறு இல்லை. 6.5 கிரீட்மோர் 2007-இல் வந்தது, தூரக் குறிசுடுதலுக்கென்று வடிவமைத்தது, மானுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. 15 வயதுப் பையனுக்குக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். டெக்சஸில் திறந்த வெளியில் இருநூறு, முந்நூறு கஜம் சுடுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். உங்கள் பெண் மரங்களுக்கு நடுவே ஐம்பது, அறுபது கஜத்தில் சுடப்போகிறாள்.

ஆக, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதே என் பதிலும்: .243 வின்செஸ்டர். 1955-இல் வின்செஸ்டர் நிறுவனம் .308 என்ற தோட்டாவின் உலோகக் கூட்டை எடுத்து, கழுத்தைச் சின்ன குண்டுக்கு ஏற்றபடி ஒடுக்கிச் செய்தது. 100 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 2,960 அடி வேகத்தில் கிளம்பும். நூறு கஜத்துக்குள் நிற்கும் வெள்ளைவால் மானுக்கு அது தாராளம்.

இதற்கு மறுப்பு உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ".243 அனுபவசாலிக்கான தோட்டா, குழந்தைக்கானது அல்ல, குண்டு சின்னது, இடம் தவறினால் மன்னிக்காது" என்று பல மூத்த வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். குண்டு சின்னது என்பது உண்மை. ஆனால் பெரிய குண்டும் வயிற்றில் பட்டால் மன்னிப்பதில்லை, என் மகன் சுட்டது .30-06-இல்தான். மானை வீழ்த்துவது குண்டு படும் இடம். உதைப்புக்குப் பயப்படாத பிள்ளைதான் அந்த இடத்தில் சுடுவாள். மகள் கொஞ்சம் திடமான உடம்புக்காரி, உதைப்பைப் பொருட்படுத்த மாட்டாள் என்று உங்களுக்குத் தோன்றினால் 7 மிமீ-08 ரெமிங்டன் பாருங்கள். அதுவும் .308-இன் கூட்டிலிருந்து பிறந்ததுதான், 1980-இல் வந்தது. அதற்குக் குறைந்த உதைப்புத் தோட்டாக்கள் கடையிலேயே கிடைக்கின்றன. இரண்டு வருடம் அவற்றைப் போட்டுவிட்டுப் பிறகு முழு வேகத் தோட்டாவுக்குப் போகலாம். சீருடையின் மடிப்பைப் பிரிப்பதுபோல் துப்பாக்கியில் செய்ய முடிகிற ஒரு இடம் இது. 36 கிலோவுக்கு நான் .243-இல் தொடங்குவேன்.

.223 பற்றியும் யாராவது வந்து சொல்வார்கள். உதைப்பு மிகக் குறைவு, சட்டமும் இங்கே அனுமதிக்கிறது. நல்ல குண்டோடு, தேர்ந்த கையில் அது மானை வீழ்த்தும். முதல் மானுக்கு, முதல் வருடத்தில் நான் தரமாட்டேன்.

வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓஹையோ, அயோவா போன்ற மாநிலங்களில் .243 மாதிரி கழுத்து ஒடுங்கிய தோட்டா போடும் ரைபிளை வழக்கமான மான் வேட்டைக் காலத்தில் எடுத்துப் போக முடியாது, கூடு நேராக இருக்கும் வகைதான் செல்லும். அங்கே பிள்ளைகளுக்கு 2019-இல் வந்த .350 லெஜண்ட் பொருத்தம். உதைப்பு .243 அளவுக்குத்தான் இருக்கும். வாங்கும் முன் உங்கள் மாநிலத்தின் இந்த வருட வேட்டை விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

தோட்டா வாங்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. .243-க்கு 55, 58 கிரெய்ன் என்று இலேசான பெட்டிகளும் அலமாரியில் இருக்கும், விலையும் குறைவாக இருக்கலாம். அவை நரி, கொயோட்டி, பொந்து தோண்டும் சின்ன விலங்குகள் இவற்றுக்கானவை. பட்டவுடன் சிதறும். மானின் தோள்பட்டையில் பட்டால் மேலேயே வெடித்துப் பெரிய புண்ணாக்கும், நுரையீரலுக்குப் போகாது. பெட்டியின் மேல் மான் படம் இருக்கிறதா என்று பாருங்கள், 80 முதல் 100 கிரெய்ன்வரை மானுக்கென்று செய்ததை மட்டும் எடுங்கள். என் விருப்பம் 80 அல்லது 85 கிரெய்ன் முழுச் செம்புக் குண்டு. எடை குறைவு என்பதால் உதைப்பும் இன்னும் கொஞ்சம் குறையும். செம்பு சிதறாமல் பூப்போல விரிந்து ஊடுருவிப் போகும்.

செம்பைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இதுதான் பெரிய காரணம். ஈயக் குண்டு இறைச்சிக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பிரிந்து, காயத்திலிருந்து வெகுதூரம்வரை பரவும். 2008-இல் வடக்கு டகோட்டாவில் மாநிலச் சுகாதாரத் துறையும் மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, வேட்டை இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு ஈய அளவு சற்றுக் கூடுதலாக இருந்தது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கே ஈயத்தைத் தடை செய்துவிட்டது. விஸ்கான்சினில் தடை இல்லை. இருந்தாலும் அந்த மானைக் குழம்பு வைத்துச் சாப்பிடப்போவது உங்கள் வீட்டுப் பிள்ளைதானே. ஒரு பெட்டிக்குச் சில டாலர் கூட ஆகும், ஆகட்டும்.

காலிபரை இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். ஆனால் கட்டையின் நீளம் அதைவிட முக்கியம். துப்பாக்கிக் கட்டையின் பின்பக்கத்திலிருந்து விசைவரை உள்ள தூரம் பெரியவர்களுக்கான ரைபிளில் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டரைதான் சரி. அளப்பது எளிது. முழங்கையைச் செங்கோணமாக மடக்கச் சொல்லுங்கள். கட்டையின் பின்பக்கத்தை முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் சுகமாக உட்கார வேண்டும். விரலை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் கட்டை நீளம். நீளமான கட்டை இருந்தால் பிள்ளை உடம்பைப் பின்னால் சாய்த்து, வயிற்றை முன்னால் தள்ளி நிற்பாள். உதைப்பு அவளை அப்படியே பின்னால் தள்ளும்.

சில நிறுவனங்கள் பிள்ளைகளுக்கென்றே செய்கின்றன. ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட் பன்னிரண்டரை அங்குலக் கட்டையோடு வருகிறது. மாஸ்பெர்க் பேட்ரியட்டின் சூப்பர் பேண்டம் வகையில் பின்பக்கத்தில் ஒரு அட்டைத் துண்டுபோல் ஒன்றைச் சேர்த்தும் கழற்றியும் 12-லிருந்து 13 அங்குலம்வரை மாற்றிக்கொள்ளலாம். இரண்டுமே போல்ட் வகை, ஐந்நூறு டாலர் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும். தோட்டா ஏறும் ஒவ்வொரு முறையும் கை வேலை செய்ய வேண்டியிருப்பதால், போல்ட் வகைதான் பிள்ளைக்கு நல்லது.

ஆனால் பிள்ளைகளுக்கான ரைபிளில் ஒரு கண்ணி இருக்கிறது. அவற்றை இலேசாகச் செய்கிறார்கள், குழலையும் குட்டையாக்குகிறார்கள். தூக்கிப் பார்க்கும்போது பிள்ளைக்குச் சந்தோஷமாக இருக்கும். அதே தோட்டா இலேசான துப்பாக்கியில் கூடுதலாக உதைக்கும், குட்டைக் குழலில் சத்தமும் கூடும். ஆறு பவுண்டு ரைபிள் என்றால் ஸ்கோப்போடு ஏழுக்கு வரும், அந்த எடைக்குக் கீழே போகாதீர்கள். நல்ல ரப்பர்த் திண்டு பின்பக்கத்தில் இருக்க வேண்டும். உதைப்பைக் குறைக்கக் குழல் வாயில் துளைபோட்ட பிரேக் மாட்டலாம் என்பார்கள், அதைப் பிள்ளைகளுக்கு நான் மாட்டவே மாட்டேன். சத்தத்தைப் பக்கவாட்டில், அவள் காதுக்கே திருப்பிவிடும். ரைபிள் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும், 140-லேயே பெரியவர்கள் காதுக்கு நிரந்தரக் கேடு. பயிற்சியில் உள்ளே நுரைத் தக்கை, மேலே காதுமூடி, இரண்டும். காட்டில் மின்னணுக் காதுமூடி போட்டால் உங்கள் கிசுகிசுப்பும் சருகுச் சத்தமும் கேட்கும், வெடிச் சத்தம் அடங்கும். அதற்கு நூறு டாலர் ஆனாலும் செலவழியுங்கள், மற்றதில் மிச்சம் பிடிக்கலாம்.

ஸ்கோப் பெரிதாக வேண்டாம். 2-7 அல்லது 3-9 மடங்கு போதும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே குறைந்தது மூன்றரை அங்குல இடைவெளி தருவதாகப் பாருங்கள். காட்டில் எப்போதும் குறைந்த மடங்கிலேயே வைத்திருக்கட்டும். ஒன்பது மடங்கில் வைத்துவிட்டால் மான் எங்கே என்றே தெரியாது, பழுப்பு மயிர் மட்டும் தெரியும்.

அதற்கெல்லாம் முன்பு அவளுடைய எந்தக் கண் வலுவான கண் என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை வைத்து, தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். அப்படியே கையை முகத்துக்கு இழுத்து வந்தால் ஓட்டை எந்தக் கண்ணுக்கு வருகிறதோ அதுதான். வலக்கைக்காரியாக இருந்தும் இடது கண் வலுவாக இருக்கலாம். இந்த வயதில் இடது தோளுக்கே பழக்கிவிடுவது எளிது, இடது கைக்கான போல்ட் ரைபிளும் கிடைக்கிறது. இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, "ஏன் எப்போதும் தள்ளியே படுகிறது" என்று இரண்டு வருடம் குழம்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது மே மாதம். .243-ஐ இப்போதே அவள் கையில் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு .22 வாங்குங்கள், ஒற்றைத் தோட்டா போல்ட் வகை. உதைப்பு என்று ஒன்றே கிடையாது, தோட்டாவும் மலிவு. ஜூன், ஜூலை முழுக்க வாரத்துக்கு ஒருநாள், 25 கஜம், பிறகு 50. மேசையில் வைத்துச் சுடுவது துப்பாக்கியைச் சரிபார்க்க மட்டும்தான். வேட்டையில் மேசை கிடையாது. உட்கார்ந்து, முழங்காலிட்டு, கவைக்கோலில் சாய்த்து, அப்படிப் பழகட்டும். ஆகஸ்டில் .243. ஒரு நாளைக்குப் பத்துத் தோட்டாவுக்கு மேல் வேண்டாம். நடுநடுவே அவளுக்குத் தெரியாமல் வெடிக்காத பயிற்சித் தோட்டா ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள். "க்ளிக்" என்று மட்டும் கேட்கும்போது குழல் அசையாமல் நின்றால் நல்லது. குழல் கீழே குத்தினால் பயம் உள்ளே வந்துவிட்டது, அன்றைக்கு .243-ஐப் பையில் போட்டுவிட்டு .22-ஐ எடுங்கள். திட்டாதீர்கள். கண் மூடுகிறதா என்று துப்பாக்கியைப் பார்க்காமல் அவள் முகத்தையே பாருங்கள். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

எவ்வளவு தூரத்தில் சுடலாம் என்பதை ஒரு காகிதத் தட்டு சொல்லிவிடும். ஆறு அங்குலத் தட்டு ஒன்றை மாட்டுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் அதைவிடக் கொஞ்சம் பெரிய இடம். உட்கார்ந்த நிலையில் ஐந்துக்கு ஐந்தும் எந்தத் தூரத்தில் தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் அவளுடைய தூரம். 60 கஜம் என்றால் 60. நான்கு விழுந்தால் போதாதா என்று கேட்காதீர்கள். அந்த ஐந்தாவதுதான் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் தேடும் மான்.

சட்டத்துக்கு வருகிறேன். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் விஸ்கான்சினில் வேட்டை உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்புச் சான்றிதழ் தேவை. 12, 13 வயதில் சான்றிதழ் இருந்தாலும் பெற்றோரோ அவர்கள் நியமித்த பெரியவரோ கண்ணுக்கும் குரலுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் வழிகாட்டியோடு போகும் உரிமமும் உண்டு. அதில் வழிகாட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவருக்கும் உரிமம் வேண்டும், 1973-க்கு முன் பிறந்தவராக இல்லாவிட்டால் சான்றிதழும் வேண்டும். சான்றிதழ் வந்த பிறகும் முதல் இரண்டு வருடம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருங்கள். நீங்களும் மகளோடு அதே வகுப்பில் உட்காருங்கள் என்பது என் வேண்டுகோள். அங்கே நான்கு விதிகள் சொல்லித் தருவோம்: எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை, குழல் வாய் எப்போதும் ஆபத்தில்லாத பக்கம், குறியும் குறிக்குப் பின்னால் இருப்பதும் என்னவென்று தெரியாமல் சுடாதே, சுடும் நேரம்வரை விரல் விசைக்கு வெளியே. மகள் மட்டும் படித்து வந்தால், நீங்கள் தவறாகப் பிடிக்கும்போது "அப்பா, அது தப்பு" என்று அவள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

18 வயதுக்குக் கீழே கடையில் ரைபிளோ தோட்டாவோ விற்க மாட்டார்கள், நீங்கள்தான் வாங்க வேண்டும். கிரீன் கார்டு இருப்பதால் உங்களுக்குத் தடையில்லை. எச்-1பி, எச்-4 விசாவில் இருக்கும் வாசகர்கள் மட்டும் இதைக் கவனமாகப் படியுங்கள். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பரோடு விளையாட்டாகச் சுட்டுப் பழகப் போகும் முன்கூட இதை நினைவில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்ட பிறகே துப்பாக்கியைத் தொடுங்கள்.

வீட்டில் எஃகுப் பெட்டி, சாவி உங்களிடம், தோட்டா தனிப் பூட்டில். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை வைத்திருந்து, பிள்ளை அதை அனுமதியில்லாமல் எடுத்து யாரையாவது காயப்படுத்தினாலோ பொது இடத்துக்குக் கொண்டுபோனாலோ இந்த மாநிலத்தில் குற்றம். வீட்டுக்கு விளையாட வரும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பூட்டு. மரத்தில் கட்டிய பரணில் ஏறுவதானால் இடுப்பு வாரை மட்டும் நம்பாமல் முழு உடம்புக் கச்சை கட்டுங்கள். முதல் வருடம் தரையில் மறைவுக் கூடாரம் போதும்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் மான் வேட்டை என்றால் சிறைக்குப் போகும் விஷயம். 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டம் நம் மனதில் அப்படித்தான் பதிந்திருக்கிறது, அது நல்லதுதான். இங்கே மான்கள் பெருகி வயலையும் இளங்காட்டையும் தின்கின்றன. எத்தனை எடுக்கலாம் என்று வருடா வருடம் மாநில இயற்கை வளத் துறை முடிவு செய்கிறது. இந்த விளக்கத்தை அவரிடம் சொல்லுங்கள். ஆனால் விளக்கம் சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். அவருடைய தயக்கத்துக்கு மகளின் காதில் விழும் உரிமை உண்டு. அம்மா என்ன நினைக்கிறார் என்று தெரிந்தே அவள் முடிவெடுக்கட்டும்.

மகளிடம் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மான் எதிரே வந்து பக்கவாட்டில் நிற்கும்போதுகூட "நான் சுடலப்பா" என்று அவள் சொல்லலாம். காரணம் கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கொடுக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் படித்த ஒரு பெண் முதல் வருடம் மூன்று முறை துப்பாக்கியை இறக்கிவைத்தாள். இரண்டாம் வருடம் ஒரே தோட்டா, மான் நாற்பது அடி தாண்டவில்லை. அவள் அழுதாள், பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அப்பாவோடு சேர்ந்து குடலை எடுத்தாள். அந்த வேலையையும் உங்கள் மகள் செய்ய வேண்டும், குறைந்தபட்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சுட்டவுடன் ஓடிப்போய்த் தேடாதீர்கள். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருங்கள்.

இறைச்சியைச் சமைக்கும் முன் தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மான்களின் மூளையை அரிக்கும் நோய் 2002-இல் முதன்முதலாக இந்த மாநிலத்தில், அதுவும் உங்கள் மேடிசனுக்கு மேற்கே, கண்டுபிடிக்கப்பட்டது. இயற்கை வளத் துறை இலவசமாகவே பார்த்துச் சொல்கிறது. நோய் இருந்தால் சாப்பிட வேண்டாம் என்பதே மருத்துவ அறிவுரை. முடிவு வரும்வரை உறைபெட்டியில் இருக்கட்டும்.

அக்டோபரில் 15 வயதுவரை உள்ளவர்களுக்கென்றே இரண்டு நாள் வேட்டை வருகிறது. நவம்பர்க் கூட்டமும் குளிரும் இருக்காது. தட்டில் ஐந்துக்கு ஐந்து விழுந்திருந்தால் அங்கே தொடங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம்.

ரைபிள் வாங்க மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது அவளுடைய தடித்த குளிர்கோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் கடைக்காரர் விநோதமாகப் பார்க்கலாம். நவம்பரிலும் அவள் சுடப்போவது உறுதி என்றால், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போதும் விரல் விசைக்கு எட்ட வேண்டும்.